மூன்று வெள்ளிக்கிழமைகள்

உங்களுக்கு நாள் கிழமையில் நம்பிக்கை உண்டா, நேயர்களே? எனக்கு அவ்வளவாகக் கிடையாது. காலேஜில் படித்ததனால் வந்த கோளாறு என்பார் என் மாமியார். இருந்தாலும், ஒரு ஸ்திரீயின் வாழ்க்கைக் கணக்கைப் புரட்டிக்கொண்டு வந்தபோது அதில் வெள்ளிக்கிழமை மூன்று தடவை வந்து நிற்பதைப் பார்த்து எனக்கே ஆச்சரியமாகிவிட்டது. காலண்டரை எடுத்து விரல்விட்டு எண்ணிச் சரிபார்த்தேன். மூன்றும் வெள்ளிக்கிழமைதான்!

அந்த ஸ்திரீ ஹாலந்து தேசத்தைச் சேர்ந்தவர். பெயர் நவோமி வான் ஆஸ். 1983-ல் தி ஹேக் நகரத்தில் பிறந்தவர். ஹாக்கி ஆட்டக்காரி. முன்வரிசையிலும், அதற்குச் சற்றுப் பின்னால் நடுவரிசையிலும் நின்று ஆடியவர்.

"ஹாக்கியா? அதெல்லாம் ஆண்பிள்ளைகள் சமாசாரம்" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். தொடர்கதையின் கதாநாயகி இந்த வாரம் மயங்கி விழுந்திருக்கிறாள். அடுத்த வாரம் வரையில் எழுந்திருக்கப் போவதில்லை. அதுவரை என்னோடுதான் கொஞ்சம் இருங்களேன்.

ஹாலந்து என்றால் நமக்கு டூலிப் புஷ்பமும் காற்றாலையும் நினைவுக்கு வரும். சரித்திரம் படித்தவர்களுக்குப் பழவேற்காடும் சதுரங்கப்பட்டினமும் நினைவுக்கு வரலாம். டச்சுக்காரர்கள் அங்கே கோட்டை கட்டிக்கொண்டு துணி வியாபாரம் செய்தது பழைய கதை. அந்தச் சின்னஞ்சிறு தேசத்தில் ஹாக்கிச் சங்கம் 1898-லேயே ஏற்பட்டுவிட்டது. இன்று அந்தச் சங்கத்தில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம். நம் ஊரில் பெண் குழந்தையைப் பாட்டு கிளாசுக்கும் பரதநாட்டியத்துக்கும் அனுப்புகிறோம் அல்லவா? அங்கே ஒரு குட்டை மட்டையைக் கையில் கொடுத்து ஹாக்கிக் கிளப்பில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். "பெண்பிள்ளைக்கு இது எதற்கு?" என்று கேட்க அங்கே ஒரு பெரியம்மாவும் கிடையாது.

நமக்கும் அவர்களுக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. ஒலிம்பிக்கில் இந்தியா முதல் ஹாக்கித் தங்கம் வாங்கியதே அவர்கள் ஊரில்தான். 1928-ல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த இறுதி ஆட்டத்தில், ஊர்க்காரர்களையே மூன்று கோல் போட்டுத் தோற்கடித்தோம். 1976-ல் மான்ட்ரியாலில் புல்தரை போய்ச் செயற்கைத் தரை வந்தது. அதற்குப் பிறகு நாம் எப்படிப் பின்தங்கினோம், அவர்கள் எப்படி முன்னேறினார்கள் என்பதை உங்கள் வீட்டு ஆண்பிள்ளைகள் யாரைக் கேட்டாலும் அரைமணி நேரம் சொல்வார்கள். நான் அதை விட்டுவிடுகிறேன்.

ஆட்டத்தைப் பற்றி ஒன்றே ஒன்று மட்டும் தெரிந்துகொண்டால் போதும். ஹாக்கி மட்டைக்கு ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை. தட்டைப் பக்கத்தால்தான் பந்தைத் தொடலாம். உருண்டைப் பக்கம் பட்டால் தப்பு. பந்து இடது கைப் பக்கம் வந்துவிட்டால், ஓடுகிற ஓட்டத்திலேயே, தோசைத் திருப்பியைத் திருப்புவதுபோல் மணிக்கட்டை ஒரு சுழற்று சுழற்றி மட்டையைத் தலைகீழாக்க வேண்டும். நவோமியின் சாமர்த்தியமெல்லாம் இந்த இடத்தில்தான். எதிரிகள் இரண்டு பேர் குறுக்கே வந்தால் பந்தை வலப்புறம் காட்டுவார், இடப்புறம் இழுப்பார். அவர்கள் திரும்புவதற்குள் இவர் தாண்டிப் போயிருப்பார். பந்து மட்டையில் பசை போட்டு ஒட்டினதுபோல் கூடவே போகும்.

பெண்கள் ஹாக்கியை ஒலிம்பிக்கில் சேர்த்துக்கொள்வதற்கு 1980 வரை ஆயிற்று. ஆண்கள் 1908-லேயே ஆட ஆரம்பித்துவிட்டார்கள் என்பதைச் சும்மா ஒரு தகவலுக்காகச் சொல்லிவைக்கிறேன். 1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் டச்சுப் பெண்கள் தங்கம் வாங்கினார்கள். அப்போது நவோமிக்கு ஒரு வயது. அதன் பிறகு தங்கம் அவர்கள் கண்ணில் படவேயில்லை. 1988-ல் வெண்கலம், 1992-ல் ஒன்றும் இல்லை, 1996-ல் வெண்கலம், 2000-ல் வெண்கலம், 2004-ல் ஏதென்ஸில் இறுதி ஆட்டம் வரைக்கும் போய் ஜெர்மனியிடம் தோற்று வெள்ளி. பொறுப்பெடுக்கும் மருமகள் ஒருத்தி வந்து சேர வேண்டும் என்று காத்திருக்கும் குடும்பத்தைப்போல அந்தக் குழு இருபத்து நான்கு வருஷம் காத்திருந்தது.

ஏதென்ஸுக்குப் போன குழுவில் நவோமி இல்லை. 2006-ல் மாட்ரிட்டில் உலகக் கோப்பையை வென்ற குழுவில் இருந்தார். பிறகு வந்தது முதல் வெள்ளிக்கிழமை: 2008 ஆகஸ்டு 22, பெய்ஜிங்.

எதிரில் ஆடியவர்கள் சீனப் பெண்கள். ஊரும் அவர்களுடையது, கூட்டமும் அவர்களுடையது. முதல் பாதியில் கோலே விழவில்லை. இரண்டாம் பாதியில் ஒரு கோல் விழுந்தது. போட்டவர் நவோமி வான் ஆஸ். சற்று நேரத்தில் மார்ட்யே கோடெரி இன்னொன்று போட்டார். 2-0. இருபத்து நான்கு வருஷத்துக் காத்திருப்பு தீர்ந்தது. அன்று அவரோடு தங்கம் அணிந்த யானெக் ஷோப்மன் என்ற பெண்மணியின் பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு அவர் நம் இந்தியப் பெண்கள் குழுவுக்கே பயிற்சியாளராக வந்து சேர்ந்தார்.

இங்கே ஒரு செவ்வாய்க்கிழமையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அந்த ஆண்டுகளில் நவோமிக்கு வாழ்க்கைத் துணைவராக இருந்தவர் ஸ்வென் கிராமர். பனிக்கட்டித் தரையில் சறுக்கி ஓடும் பந்தயத்தில் உலகப் புகழ் பெற்ற வீரர். ஹாலந்தில் அவர் முகம் தெரியாத குழந்தை இருந்திருக்க முடியாது. 2010 பிப்ரவரி 23, செவ்வாய்க்கிழமை, கனடாவில் வான்கூவர் நகரத்தில் பத்தாயிரம் மீட்டர் ஓட்டம். அதில் ஒவ்வொரு சுற்றுக்கும் உள்பாதை, வெளிப்பாதை என்று மாறி மாறி ஓட வேண்டும். நடுவில் ஒரு சுற்றில் அவருடைய பயிற்சியாளர் குழம்பிப்போய்த் தப்பான பாதையைக் கைகாட்டிவிட்டார். கிராமரும் நம்பி அதில் திரும்பிவிட்டார். ஓடி முடித்தபோது கடிகாரம், தங்கம் வாங்கிய கொரியக்காரரைவிட நான்கு வினாடி முன்னதாகக் காட்டியது. ஆனால் பந்தயத்திலிருந்தே அவரை நீக்கிவிட்டார்கள்!

நீங்களாயிருந்தால் அந்தப் பயிற்சியாளரை என்ன செய்திருப்பீர்கள்? கிராமர் அவரையே தொடர்ந்து வைத்துக்கொண்டார். நாலு வருஷம் கழித்து ரஷ்யாவில் சோச்சிக்கு அவரோடுதான் போனார். அங்கே பத்தாயிரம் மீட்டரில் கிடைத்தது வெள்ளி. ஒரே வீட்டில் இரண்டு பேர் இப்படி வென்றும் தோற்றும் வந்தால், சாப்பாட்டு மேஜையில் என்ன பேசிக்கொள்வார்களோ! அதைக் கேட்க எந்தப் பத்திரிகைக்காரிக்குத்தான் ஆசை இராது?

அதே 2010-ல் நவோமிக்கும் ஒரு தோல்வி காத்திருந்தது. உலகக் கோப்பை ஆட்டம் அர்ஜென்டினாவில் ரொசாரியோ என்ற ஊரில் நடந்தது. அது லூசியானா அய்மார் பிறந்த ஊர். உலகத்தின் சிறந்த ஆட்டக்காரி என்ற விருதை எட்டுத் தடவை வாங்கிய மகராசி அவர். தன் ஊர் ஜனங்களின் முன்னால் 3-1 என்று டச்சுக்காரிகளை வென்று கோப்பையைத் தூக்கினார்.

வட்டி போட்டுத் திருப்பிக் கொடுத்தது லண்டனில், இரண்டாவது வெள்ளிக்கிழமை. 2012 ஆகஸ்டு 10. அன்று அய்மாருக்கு முப்பத்தைந்தாவது பிறந்த நாள். உலகத்தில் எல்லாம் கிடைத்தும் ஒலிம்பிக் தங்கம் மட்டும் கிடைக்காதவர் அவர். பிறந்த நாளிலும் கிடைக்கவில்லை. ஹாலந்து 2-0 என்று ஜெயித்தது. நவோமிக்கு இரண்டாவது தங்கம். எனக்கு என்னவோ அன்று அய்மாரை நினைத்துத்தான் மனசு கஷ்டப்பட்டது.

ஆனால் அந்த இறுதி ஆட்டத்துக்கு ஹாலந்து வந்து சேர்ந்த வழியையும் சொல்ல வேண்டும், பின்னால் தேவைப்படும். அதற்கு இரண்டு நாள் முன்னால் நியூசிலாந்தோடு ஆடிய ஆட்டம் 2-2 என்று சமமாகிவிட்டது. அப்படி ஆனால் 'ஷூட்-அவுட்' என்று ஒரு முறை உண்டு. ஒலிம்பிக்கில் அது முதன்முதலாக வந்தது லண்டனில்தான். ஒவ்வொரு கட்சியிலும் ஐந்து பேர், ஒருவர்பின் ஒருவராக, கோலிலிருந்து இருபத்து மூன்று மீட்டர் தள்ளி நின்று புறப்பட வேண்டும். எதிரில் கோல்கீப்பர் மட்டும்தான். கையில் இருப்பது எட்டு வினாடி. சூடான காபியை டவராவில் ஒரு தடவை ஆற்றுவதற்குள் போய்விடும் நேரம்! அதற்குள் அவரை ஏமாற்றிக் கோல் போட வேண்டும். அன்று ஹாலந்து 3-1 என்று தப்பியது.

2014-ல் உலகக் கோப்பை நவோமி பிறந்த தி ஹேக் நகரத்துக்கே வந்தது. ஆஸ்திரேலியாவை 2-0 என்று வென்று கோப்பையை வாங்கினார்கள். சொந்த ஊரில் ஜெயிக்கும் பாக்கியம் அய்மாருக்குக் கிடைத்ததுபோல இவருக்கும் கிடைத்துவிட்டது. அதற்கடுத்த வருஷம் அந்தக் குழுவில் ஏதோ சரியில்லாமல், பயிற்சியாளர் ஷோர்ட் மரீனை அனுப்பிவிட்டு அலிசன் அன்னன் என்ற பழைய ஆஸ்திரேலிய ஆட்டக்காரியை வைத்துக்கொண்டார்கள். அங்கே வேலை போன மரீன் பிற்பாடு இந்தியாவுக்கு வந்து, 2021-ல் டோக்கியோவில் நம் பெண்களை நாலாவது இடம் வரை கொண்டுபோனார். அவர்கள் வேண்டாமென்றது நமக்கு லாபமாயிற்று.

இனி மூன்றாவது வெள்ளிக்கிழமை. 2016 ஆகஸ்டு 19. அந்த நாள் உங்களுக்கும் நினைவிருக்கும். ஆவணி மாதத்து முதல் வெள்ளி. ரியோ நகரத்தில் பி.வி. சிந்து பாட்மின்டன் இறுதி ஆட்டம் ஆடினார். சாயங்கால விளக்கேற்றி முடித்த கையோடு எத்தனை வீடுகளில் டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்தோம்! முதல் கேம் 21-19 என்று சிந்துவுக்கு. அடுத்த இரண்டும் ஸ்பெயின் தேசத்துக் கரோலினா மரினுக்கு. சிந்துவுக்கு வெள்ளிப் பதக்கம். அந்த ஒலிம்பிக்கில் இந்தியாவுக்குக் கிடைத்தது மொத்தம் இரண்டே பதக்கம். மற்றொன்று சாக்ஷி மாலிக்கின் வெண்கலம். இரண்டும் பெண்கள் கொண்டுவந்தவை. தெருவில் பட்டாசு வெடித்தார்கள். நான் ஆபீசில் சிந்துவைப் பற்றி எழுதிக் கொடுத்துவிட்டு வீடு வந்து சேர்ந்தபோது நள்ளிரவு ஆகிவிட்டது.

சாதத்தில் மோரை விட்டுக்கொண்டு டெலிவிஷனைப் போட்டேன். மாமியாருக்கும் தூக்கம் வரவில்லை போலிருக்கிறது, வந்து உட்கார்ந்தார். இரவு ஒன்றரை மணிக்குப் பெண்கள் ஹாக்கி இறுதி ஆட்டம் ஆரம்பமாயிற்று. நமக்குச் சனிக்கிழமை பிறந்துவிட்டாலும் ரியோவில் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான். ஹாலந்தும் பிரிட்டனும். நவோமிக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. இதோடு தேசக் குழுவிலிருந்து விலகப் போகிறவர். மூன்றாவது தங்கம் கிடைத்தால் தொடர்ந்து மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம். அதுவரை எந்தப் பெண்கள் ஹாக்கிக் குழுவும் அப்படி வாங்கியதில்லை.

ஆட்டம் ஊஞ்சல் மாதிரி இருந்தது. பிரிட்டன் ஒன்று போட்டால் ஹாலந்து ஒன்று. ஹாலந்துக்குக் கிடைத்த ஒரு பெனால்டி ஸ்ட்ரோக்கை பிரிட்டிஷ் கோல்கீப்பர் மேடி ஹிஞ்ச் தடுத்துவிட்டார். அப்படியும் கடைசிக் கால் பகுதிக்குள் ஹாலந்து 3-2 என்று முன்னால் இருந்தது. பந்து முக்கால்வாசி நேரம் ஆரஞ்சு உடைக்காரிகளிடமே இருந்ததாக எனக்குத் தோன்றிற்று. "முடிஞ்சுபோச்சு, படுக்கலாம்" என்றேன். "இரு, இரு" என்றார் மாமியார். அவர் வாய் முகூர்த்தம், பிரிட்டன் மூன்றாவது கோலைப் போட்டுவிட்டது. 3-3. மறுபடியும் ஷூட்-அவுட்!

லண்டனில் நியூசிலாந்திடமிருந்து காப்பாற்றியது அந்த எட்டு வினாடிதான். ரியோவிலேயே இரண்டு நாள் முன்பு ஜெர்மனியிடமிருந்து காப்பாற்றியதும் அதுதான். ஆகையால் அதை அநியாயம் என்று டச்சுக்காரர்கள் சொல்ல முடியாது. ஹாலந்துக்காக ஒவ்வொருவராக நாலு பேர் ஓடினார்கள். நாலு பேரையும் மேடி ஹிஞ்ச் தடுத்துவிட்டார். ஒன்றுகூட உள்ளே போகவில்லை. பிரிட்டனுக்காக ஹோலி வெப் என்ற பெண் இரண்டாவது பந்தை உள்ளே தள்ளினதும் எல்லாம் முடிந்தது.

அந்த நாலு பேரில் நவோமி இல்லை. இதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. எட்டு வருஷம் முன்பு பெய்ஜிங்கில் முதல் கோலைப் போட்டவர், தன்னுடைய கடைசி ஆட்டத்தின் கடைசி நிமிஷங்களில் மற்றவர்களோடு தோளில் கைபோட்டுக்கொண்டு நடுமைதானத்தில் நின்று பார்க்கத்தான் முடிந்தது. கையில் மட்டை இருந்தது. செய்வதற்குத்தான் ஒன்றும் இல்லை. பிரசவ அறைக்கு வெளியே நிற்கும் தாயாரின் தவிப்பு உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். நான் அதற்குமேல் வர்ணிக்க வேண்டியதில்லை.

டச்சுப் பெண்கள் தரையில் உட்கார்ந்து அழுதார்கள். மாமியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"ஏம்மா, இவங்களுக்கு என்ன கொடுப்பாங்க?"

"வெள்ளி, அம்மா."

"நம்ம பொண்ணுக்கும் அதுதானே கொடுத்தாங்க? அதுக்குப் பட்டாசு வெடிச்சாங்களே, இவங்க எதுக்கு அழறாங்க?"

"இவங்க தங்கம் வாங்க வந்தவங்க, அம்மா. அதனாலே..."

"அப்போ நம்ம பொண்ணு என்ன வாங்கப் போனா?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. முதல் கேமை ஜெயித்த பெண் அவள். மூன்றாவது கேம் முடிந்து தரையில் விழுந்து கிடந்த மரினைப் போய்த் தூக்கிவிட்டவளும் அவள்தான். அந்த நேரத்தில் அவள் மனசில் பட்டாசு வெடித்திருக்குமா? நாம் வெடித்தோம். நமக்கு அது சந்தோஷம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒரே தேதியில், ஒரே ஊரில், ஒரே உலோகத்தில் செய்த பதக்கத்தை ஹைதராபாத்துக்குக் கொண்டுபோன பெண்ணைத் திறந்த பஸ்ஸில் ஊர்வலமாக அழைத்துப் போனோம். தி ஹேக் நகரத்துப் பெண்ணோ தோற்றவள் என்ற பேரோடு விமானம் ஏறினாள். மாமியார் கேட்ட கேள்வியை மறுநாள் ஆபீசில் கேட்டேன். ஆண்பிள்ளைகள் நாலு பேர் நாலு விதமாகச் சொன்னார்கள். ஒருவர்கூட "தெரியாது" என்று சொல்லவில்லை.

நவோமி அந்த ஆட்டத்தோடு தேசக் குழுவிலிருந்து விலகிக்கொண்டார். ஐந்து வருஷம் கழித்து டோக்கியோவில் ஹாலந்துப் பெண்கள் மறுபடியும் தங்கம் வாங்கினார்கள்; அதில் இவருக்குப் பங்கில்லை.

ஆறு மாதம் போயிற்று. 2017 பிப்ரவரியில் உலக ஹாக்கிச் சம்மேளனம் 2016-ம் ஆண்டுக்கான விருதுகளை அறிவிக்க ஒரு விழா நடத்தியது. எங்கே தெரியுமா? நம் நாட்டில், சண்டிகரில்! பஞ்சாப் சீமையில் கைக்குழந்தைகூடக் கிலுகிலுப்பைக்கு முன்னால் ஹாக்கி மட்டையைத்தான் பிடிக்கும் என்பார்கள். அங்கே அந்த விழா நடந்தது பொருத்தம்தான். உலகத்தின் சிறந்த ஆட்டக்காரி யார்? இரண்டு ஒலிம்பிக் தங்கமும் இரண்டு உலகக் கோப்பையும் வாங்கிய வருஷங்களில் ஒன்றிலாவது நவோமிக்கு அந்த விருது கிடைத்ததில்லை. தோற்றுப்போன 2016-ம் ஆண்டுக்கு, ஜெயித்த பிரிட்டிஷ் குழுவில் பதினாறு பேர் இருக்க, சண்டிகரில் படிக்கப்பட்ட பெயர் நவோமி வான் ஆஸ்.

அதே விழாவில் சிறந்த கோல்கீப்பர் என்று படிக்கப்பட்ட பெயர் மேடி ஹிஞ்ச்.